சோளக்காட்டுப் பள்ளிக்கூடத்தில் இறங்கும் சரக்கு

டோப்ரா, நெப்ராஸ்கா
நவம்பர் மாதம், ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் மார்செல்லாவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நான் சுகம், முழங்கால் மட்டும் குளிருக்கு முனகுகிறது, நாயும் சுகம். அங்கே நீயும் மாப்பிள்ளை தியோவும் சுகமாக இருந்தால் அதை எழுது, இல்லாவிட்டால் மறைக்காமல் அதையும் எழுது. நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். கடையை விற்கவில்லை. கடையை வாங்குவதாக இருந்த படகுக்காரர் லிங்கனிலிருந்து பத்திரத்தோடு வந்தார், காபி கொடுத்துத் திருப்பி அனுப்பிவிட்டேன். அதோடு நிற்கவில்லை, ஹோல்ட்ஸ்பெர்க் கடைக்காரர் ரைன்ஹோல்ட் டெட்மரும் நானும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஒரே காகிதத்தில் கையெழுத்துப் போட்டோம். ஆமாம், அதே டெட்மர்தான். சிரித்து முடித்துவிட்டு மேலே படி. போனில் சொல்லக்கூடாதா என்பாய், போனில் சொன்னால் மூன்றாவது வாக்கியத்திலேயே நீ "அம்மா, ஒரு நிமிஷம், நான் சொல்றதைக் கேளு" என்று ஆரம்பித்துவிடுவாய், கடிதத்தில் அந்த வசதி உனக்குக் கிடையாது.

உனக்குப் பாதிக் கதைதான் தெரியும், மீதியை நான் சொல்லவில்லை. போன வசந்தத்தில் மொத்த வியாபாரக் கம்பெனியிலிருந்து பிரைஸ் என்கிற பையன் வந்தான், நல்ல பையன்தான், ஷூவில் சேறு படாமல் நடக்கத் தெரிந்தவன். "அம்மா, இனிமே குறைஞ்சபட்ச ஆர்டர் ரெண்டு மடங்கு. அதுக்குக் கீழே போனா லாரி டோப்ரா பக்கம் திரும்பாது" என்றான். ஏன் திரும்பாது, ஸ்டியரிங் ரிப்பேரா என்று கேட்டேன். "ஊர்ல ஆள் குறைஞ்சுபோச்சேம்மா, நான் என்ன பண்றது, மேலே முடிவு பண்ணிட்டாங்க" என்றான். "தம்பி, நீ நேத்து ராத்திரி சாப்பிட்ட மாட்டுக்கறி மேலேர்ந்தா விழுந்துச்சு? இந்த ரோடு வழியாத்தான போச்சு? இங்கேர்ந்து போறதுக்கு ரோடு இருக்கு, இங்க வர்றதுக்கு மட்டும் இல்லையா?" என்றேன். பையன் தலையைச் சொறிந்துகொண்டு ஒரு பாக்கெட் சூயிங் கம் வாங்கிக்கொண்டு போய்விட்டான். அதைத்தான் நினைத்துப் பார், நம்மைச் சுற்றி எந்தத் திசையில் போனாலும் மக்காச்சோளம், சோயா, மாடு, நாடு முழுக்கத் தின்பது இங்கே விளைகிறது, ஆனால் இந்த ஊரில் ஒருத்தி ஒரு கட்டுக் கீரை வாங்கவேண்டும் என்றால் ஒரு மணி நேரம் கார் ஓட்டவேண்டும். இதைத் திட்டம் போட்டுச் செய்தவன் கூட இவ்வளவு கச்சிதமாகச் செய்திருக்கமாட்டான்.

நான் என்ன செய்தேன் தெரியுமா, ஆர்டரை ஊதிப் பெரிதாக்கினேன். கெட்டுப்போகாததாகப் பார்த்துப் பார்த்து எழுதி, கடைசியில் டப்பாவில் அடைத்த பூசணிக்காய் என்று முடிவு பண்ணினேன். கோடை முழுக்கப் பூசணி, பின்கட்டில் கூரைவரை பூசணி. லாரி வந்தது, காசு போனது. எத்தனை நாளைக்கு ஒரு கடைக்காரி லாரியின் முகத்தைப் பார்ப்பதற்காகப் பூசணி வாங்க முடியும்? பெட்டி பெட்டியாய் முட்டையை டிரக்கின் பின்னால் வைத்து விற்று, கோழித்தீவனம் விற்று, இந்தக் கடையை வாங்கி, உன் அப்பா கண் மூடிய பிறகும் தனியாக நடத்தியவள் நான், நஷ்டத்துக்கு வாசனை உண்டு, அது எனக்குத் தெரியும். அதனால்தான் செப்டம்பரில் நீ போன் பண்ணி, மாடி அறைக்கு வெள்ளை அடித்துவிட்டேன், ஜன்னலிலிருந்து ஆறு தெரியும், வந்துவிடு என்று சொன்னபோது நான் சண்டை போடவில்லை. உனக்கே ஆச்சரியமாக இருந்திருக்கும். படகுக்காரரிடம் சரி என்று சொன்னதும் அந்த வாரம்தான். குளிர்காலத்தில் ஏரிக்காரர்களுடைய படகுகளை நிறுத்திவைக்க அவருக்கு ஒரு பெரிய கட்டடம் வேண்டுமாம். தண்ணீரே இல்லாத ஊரில் படகு. அதற்கும் சரி என்றேன்.

அதற்கு நடுவே கவுண்ட்டி ஆபீஸ்காரர்கள் ஒரு ஆலோசகரை அழைத்து வந்து சர்ச் மண்டபத்தில் கூட்டம் போட்டார்கள். திரையில் கோடு கோடாகப் படம், எல்லாக் கோடும் கீழே போகிற கோடு. சில ஊர்களைக் கௌரவமாகப் போகவிடுவதுதான் நல்லது என்றார் அவர், கிழட்டு நாய்க்கு ஊசி போடுகிற டாக்டர் முகத்தை வைத்துக்கொண்டு. பின்வரிசையிலிருந்து மில்ட்டன் குசேரா, நம் ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவன், "சார், போறது நாங்கன்னா கௌரவம் எங்களுக்கா உங்களுக்கா?" என்று கேட்டான். மண்டபமே சிரித்தது. அவரும் சிரித்தார், ஆனால் திரையில் கோடு மாறவில்லை.

விற்பதென்று முடிவாகிவிட்டது அல்லவா, ஒரு வியாபாரி எதையும் சோதித்துப் பார்க்காமல் விற்கக்கூடாது என்று ஒரு காரியம் செய்தேன். ஒரு நாள் மட்டும் கடையை மூடிப்பார்ப்போம், ஊர் எப்படிச் சமாளிக்கிறது என்று தெரியட்டும், எனக்கும் பழகட்டும் என்று, கதவில் 'மூடப்பட்டது' பலகையைத் தொங்கவிட்டு மாடியில் போய்க் காலை நீட்டிக் குறுக்கெழுத்துப் போட உட்கார்ந்தேன். காரணம் எதுவும் எழுதவில்லை. அதுதான் தப்பாகிப்போனது. இந்தக் கடை பனிப்புயலிலும் மூடியதில்லை, உன் அப்பாவை அடக்கம் செய்த நாளில்கூட மதியத்துக்கு மேல் திறந்தேன், அப்படிப்பட்ட கதவில் பலகை தொங்கினால் ஊர்க்காரர்கள் என்ன நினைப்பார்கள்? மத்தியானம் ஆவதற்குள் ஆம்புலன்ஸ் சைரனோடு வந்து வாசலில் நின்றது. மில்ட்டன் மாடிப்படியில் ஓடிவந்து கதவைத் தள்ளி, என்னைப் பார்த்ததும் அப்படியே நின்றான். "என்னக்கா, நீங்க சாகலையா?" என்றான். இன்னும் இல்லை, ஐந்து எழுத்தில் ஒரு வார்த்தை பாக்கி இருக்கிறது என்றேன். "கீழ பாதிரியாரே வந்துட்டாருக்கா, இப்ப நான் அவர்கிட்ட என்ன சொல்றது?" என்று அவனுக்குக் கோபம். சாயங்காலத்துக்குள் பாத்திரம் பாத்திரமாகக் கோழியும் நூடுல்ஸும், உருளைக்கிழங்கும் பாலாடைக்கட்டியும், பிளம்ஸ் வைத்த கொலாச்சிப் பன் மட்டும் நாலு வீட்டிலிருந்து. ப்ளாஞ்ச் ஸ்டாரா தன் ஸ்வெட்டரையே கழற்றி எனக்குப் போர்த்தினாள். செத்த ஊர் என்கிறார்களே, செத்த ஊர் இப்படியா சமைத்துக்கொண்டு ஓடிவரும்?

ஆனால் உன் அம்மா பாசத்தில் கரைந்துபோகிற ஆள் இல்லை, உனக்குத் தெரியும். எல்லாரும் கடைக்குள் கூடி நின்றபோது நான் ஒன்று சொன்னேன். "பாத்திரம் குடுத்தீங்க, சந்தோஷம். அதுக்குள்ள இருக்கற கோழி எந்தக் கடையில வாங்கினது? ப்ளாஞ்ச், சொல்லு." அவள் தரையைப் பார்த்தாள். "மொத்தச் சாமானையும் நெடுஞ்சாலைப் பெரிய கடையில வாங்கறது, அங்க மறந்துபோன ஒரு முட்டைக்கும் ஒரு ஈஸ்ட் பாக்கெட்டுக்கும் இந்த ஆக்னெஸ்கிட்ட வர்றது. என் மேல பாசம், பால் மட்டும் வேற ஊர்ல. நான் செத்தா அழுவீங்க, நான் சாகறதுக்குக் காரணமும் நீங்கதான்." மில்ட்டன்தான் மெல்ல, "அங்க விலை கம்மிக்கா" என்றான். கம்மிதான், எனக்கு என்ன தெரியாதா, ஆனால் நெஞ்சு வலித்தால் அந்தப் பெரிய கடைக்காரர் உன் வீட்டுப் படியேறி வருவாரா என்று கேட்டேன். "நான்தானக்கா ஆம்புலன்ஸ், நான் வருவேன்" என்றான். "நீ எங்க வருவே, கடை போச்சுன்னா பெட்ரோல் பம்பும் போகும், பம்பு போச்சுன்னா உன் ஆம்புலன்ஸ் எதைக் குடிச்சு ஓடும்?" என்றேன். அவன் தொப்பியை எடுத்துத் திரும்பப் போட்டுக்கொண்டான். மறுநாள் ப்ளாஞ்ச் வந்து ஒரு முழுக்கோழி வாங்கினாள், விலையைப் பார்த்து முகத்தைச் சுளித்தாள், ஆனால் வாங்கினாள்.

அன்றைக்கு ராத்திரி நான் தீர்மானித்தது ஒன்றுதான், விற்பதற்கு முன்னால் செய்யவேண்டியது ஏதாவது பாக்கி இருக்கிறதா என்று பார்ப்பது. பாக்கி ஒன்றே ஒன்று இருந்தது, அதைச் செய்வதைவிடப் படகு நிறுத்துவது மேல் என்று அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன். ஹோல்ட்ஸ்பெர்க்குக்குப் போவது.

டெட்மருக்கும் எனக்கும் என்ன என்று நீ சின்னவளாக இருந்தபோது கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டாய், உனக்கு முழுதாக யாரும் சொல்லவில்லை. இரண்டு ஊர்ப் பள்ளியிலும் பிள்ளைகள் குறைந்து, சேர்த்து ஒரே பள்ளியாக நடத்துங்கள் என்று மேலிடத்தில் சொன்னபோது, நம் செக் வம்சத்து ஆட்கள் அந்த ஜெர்மன் ஊருக்குப் பிள்ளைகளை அனுப்பமாட்டோம் என்றார்கள், அவர்கள் நம் ஊருக்கு அனுப்பமாட்டோம் என்றார்கள். கடைசியில் காரில் மீட்டர் பார்த்துக்கொண்டே போய், சரிபாதித் தூரம் எங்கே வருகிறதோ அங்கே, ஒரு சோளக்காட்டு நடுவில், வீடு இல்லை வாசல் இல்லை, பள்ளியைக் கட்டினார்கள். நம் பள்ளியின் சிவப்பும் அவர்கள் பள்ளியின் நீலமும் கலந்து, கூரையிலிருந்து சட்டைவரை ஊதா. நம் காளைச் சின்னமும் வேண்டாம் அவர்கள் பருந்துச் சின்னமும் வேண்டாம் என்று உங்கள் பந்தாட்டக் கோஷ்டிக்குப் பெயரே இல்லாமல் 'ஊதாக்காரர்கள்' என்று அழைத்தார்கள், ஞாபகம் இருக்கிறதா? அதற்கு இடம் முடிவு பண்ணிய கூட்டத்தில்தான் டெட்மர் எழுந்து, டோப்ராக்காரர்கள் பீர் குடிக்கிற வேகத்தில் கணக்குப் போட்டால் பள்ளி என்றைக்கோ கட்டி முடித்திருக்கலாம் என்றார். நான் எழுந்து, உங்கள் கடைத் தராசைச் சரிபண்ணிவிட்டு வந்து கணக்கைப் பற்றிப் பேசுங்கள் என்றேன். அன்றிலிருந்து பேச்சு இல்லை. பள்ளியும் நிலைக்கவில்லை, காட்டின் நடுவில் இருக்கிற பள்ளியைச் சுற்றி எவன் வீடு கட்டுவான், நீ முடித்துப் போன சில வருஷத்தில் அதையும் மூடிவிட்டார்கள்.

அவர் கடைக்குள் நான் நுழைந்ததும் கறி வெட்டும் பலகைக்குப் பின்னாலிருந்து நிமிர்ந்து பார்த்தார். "என்ன, டோப்ராவுல உப்பு தீர்ந்துபோச்சா?" என்றார். "உப்பு இருக்கு, ரோஷம்தான் தீர்ந்துபோச்சு, கொஞ்சம் கடன் குடுங்க" என்றேன். கத்தியைக் கீழே வைத்தார். நான் அலமாரிகளைப் பார்த்துக்கொண்டே நடந்தேன், என் தொழில் அது, முகம் பொய் சொன்னாலும் அலமாரி சொல்லாது. எல்லா டப்பாவும் முன்வரிசையில் பளிச்சென்று நின்றன. ஒரு பட்டாணி டப்பாவை எடுத்தேன், பின்னால் ஒன்றும் இல்லை, ஒரு காலி அட்டைப்பெட்டிதான் தடுப்பாக இருந்தது. திரும்பிப் பார்த்தேன், மனிதர் காதுவரை சிவந்துவிட்டார். "நானும் இதையேதான் பண்றேன், ஆனா நான் ஓட்ஸ் பெட்டி வைப்பேன், உயரம் சரியா இருக்கும்" என்றேன். "அதான் உன் அலமாரி கோணலா இருக்குன்னு பேசிக்கறாங்க" என்றார். அப்புறம் அவர் பின்கட்டுக் கதவு பாதி திறந்திருந்தது, உள்ளே பார்த்தேன், கூரைவரை பூசணி. மார்செல்லா, எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, நிறுத்தமுடியவில்லை. பதினொரு மைல் தள்ளி ஒருவருக்கொருவர் பேசாமல் இரண்டு கிழடுகள் ஒரே லாரியை ஏமாற்ற ஒரே பூசணியை வாங்கி அடுக்கியிருக்கிறோம். "எத்தனை பெட்டி?" என்றேன். "எண்ணலை" என்றார். "நானும்" என்றேன். அவருக்கும் அப்போதுதான் சிரிப்பு வந்தது, ஆனால் சிரித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை, மூக்கைச் சிந்தினார்.

சேர்ந்து ஒரே ஆர்டராகப் போட்டால் அவர்கள் கேட்கிற அளவு தாண்டிவிடும், இது குழந்தைக்கும் புரிகிற கணக்கு, இத்தனை நாள் எங்களுக்குத்தான் புரியவில்லை. ஆனால் லாரி ஒரே இடத்தில்தான் நிற்கும். "இங்க நிக்கட்டும், எங்க ஊர் ரோடு அகலம்" என்றார். "அதுல யாரும் போறதில்ல, அதனால அகலமாத் தெரியுது" என்றேன். "அப்ப உன் ஊர்ல நிறுத்தி நான் வந்து கைகட்டி வாங்கிட்டுப் போகணுமா? என் அப்பா கல்லறையில புரண்டு படுப்பாரு." "படுக்கட்டும், ரொம்ப நாளா ஒரே பக்கமாப் படுத்திருக்காரு" என்றேன். அவ்வளவுதான், பழைய கூட்டம் திரும்பவும் ஆரம்பித்துவிட்டது. நான் கிளம்பி வண்டிக்கு வந்துவிட்டேன். சாவியைத் திருப்புகிறபோது ரத்தக்கறை ஏப்ரனோடு குளிரில் வெளியே வந்து ஜன்னலைத் தட்டினார். "உன் பொண்ணு ஸ்கூல் பேண்டு வாத்தியத்துல டிராம்போன் ஊதுமே, என் பையன் குர்ட் பக்கத்துல நின்னு, இன்னும் ஊதுதா?" என்றார். இல்லை, இப்போது வக்கீல், வாயால்தான் ஊதுகிறாள் என்றேன். அதைச் சொன்னதும் அந்த ஊதாப் பள்ளி இரண்டு பேர் மண்டையிலும் வந்து நின்றது. அங்கே சமையலறைக்குப் பின்னால் லாரி வந்து ஒட்டி நிற்கிற உயரத்துக்குச் சரக்கு இறக்கும் மேடை உண்டு, ஆள் நடமாடுகிற அளவுக்குக் குளிர் அறை உண்டு, இரண்டு ஊருக்கும் சரிபாதித் தூரம். யார் முதலில் சொன்னது என்பதில் எங்களுக்குள் இன்னும் தகராறு. நான்தான்.

அந்தப் பள்ளிக்கு இப்போது சொந்தக்காரி இருக்கிறாள், அதை நீ கேள்விப்பட்டிருக்கமாட்டாய். மாரிசோல் கின்யோனெஸ், குவாத்தமாலாக்காரி, மாட்டுக்கறி ஆலையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவள், யாருக்கும் வேண்டாத கட்டடம் என்று ஏலத்தில் மலிவாகப் பிடித்துவிட்டாள். புருஷன் இன்னும் ஆலைக்குப் போகிறான், குடும்பம் பள்ளியின் நூலகத்தில் குடியிருக்கிறது, இவள் பள்ளிச் சமையலறையில் டோர்ட்டியா ரொட்டி சுட்டு ஆலைக்காரர்களுக்கு விற்கிறாள். இரண்டு ஊரிலும் அவளைப் பார்த்தால் கையை ஆட்டிவிட்டுப் போவார்கள், உட்கார் என்று சொன்னவர்கள் குறைவு. சொல்லாதவர்களில் நானும் ஒருத்திதான், அவள் என்னிடம் மாவு வாங்குவாள், விலையை ஒரு தரம் கேட்டுவிட்டு மறுபேச்சுப் பேசாமல் போவாள், அடுத்த வாரம் வேறு ஒருவரிடம் வாங்குவாள். அப்போதே நான் கவனித்திருக்க வேண்டும், அது வியாபாரியின் நடை.

டெட்மர் அவர் வண்டியிலும் நான் என் வண்டியிலும் தனித்தனியாகப் போனோம், ஒரே வண்டியில் போகிற அளவுக்கு அப்போது பழக்கம் வரவில்லை. அவள் அடுப்பை விட்டு நகரவில்லை, கேட்டுக்கொண்டே சுட்டுக்கொண்டிருந்தாள். மேடையும் குளிர் அறையும் வேண்டும் என்று சொல்லி முடித்ததும் நாங்கள் இரண்டு பேரும் அவளை மறந்துவிட்டோம். கம்பெனிக் கணக்கு யார் பெயரில் இருப்பது என்று ஆரம்பித்துவிட்டது. என் பெயர் முதலில் என்றேன், அகரவரிசையில் வோண்ட்ராவுக்கு டெட்மர்தான் முன்னால் வரும் என்றார், குடும்பப் பெயரை விடுங்கள், ஆக்னெஸ் எதற்கும் முன்னால் வரும் என்றேன். மாரிசோல் ஒரு டோர்ட்டியாவைத் திருப்பிப் போட்டுவிட்டு, "என் அடுப்படியில நின்னு ரெண்டு பேரும் சண்டை போடறீங்க. ஒண்ணு கேக்கறேன், லாரி வரப்போறது யார் வீட்டுக்கு?" என்றாள். உன் வீட்டுக்குத்தான் என்றேன். "அப்ப யார் பேர்ல வரணும்?" என்றாள். டெட்மர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். "எனக்கும் மாவும் எண்ணெயும் மூட்டை மூட்டையா வேணும். நான் ஆர்டர் போடறேன், நீங்க ரெண்டு பேரும் என்கிட்ட எடுத்துக்குங்க. நீங்க ரெண்டு பேரும் என் வாடிக்கைக்காரங்க, அவ்வளவுதான். யாரும் யாருக்கும் முன்னாலயும் இல்ல பின்னாலயும் இல்ல" என்றாள். டெட்மர் தொண்டையைச் செருமி, "ஹோல்ட்ஸ்பெர்க்ல நாப்பது வருஷமாக் கடை வெச்சிருக்கேன் பொண்ணே" என்றார். "தெரியும் ஐயா, நாப்பது வருஷமா வெச்சும் இப்ப என்கிட்டத்தான வந்திருக்கீங்க" என்றாள், மரியாதையாகத்தான் சொன்னாள், சொல்லிக்கொண்டே அவருக்குச் சூடாக ஒன்று எடுத்து நீட்டினாள். அவர் வாங்கித் தின்றார். எனக்கு ஒரு நொடி பொறாமை, அடுத்த நொடி பார்த்தால் அவள் இடத்தில், டிரக்கின் பின்னால் முட்டைப்பெட்டியோடு, அந்தக் காலத்து நான் நிற்கிறேன். அவளுக்கு என் வயசில் பாதிகூட இல்லை. சம்மதம் என்று நான் முதலில் கையை நீட்டினேன், டெட்மர் நான் நீட்டியதைப் பார்த்துவிட்டு அவசரமாக நீட்டினார். டோப்ரா ஜெயிக்கவில்லை என்பதே அவருக்குப் போதும், ஹோல்ட்ஸ்பெர்க் ஜெயிக்கவில்லை என்பது எனக்கு.

பிரைஸுக்குப் போன் போட்டது அவள்தான். பையன் மேடையின் உயரத்தைக் கேட்டான், குளிர் அறை அளவைக் கேட்டான், ஆர்டரைக் கூட்டிப் பார்த்துவிட்டு, "அந்தச் சோளக்காட்டுக்கா?" என்றான். "ஆமா தம்பி, மேலேர்ந்து பார்த்தா தெரியும், ஊதாக் கூரை" என்று நான் பக்கத்திலிருந்து கத்தினேன். படகுக்காரர் வந்தது அதற்கு இரண்டு நாள் கழித்து, மனிதர் மேல் கோபம் இல்லை, காபியோடு கொலாச்சியும் கொடுத்தேன், தண்ணீர் இருக்கிற ஊராகப் பாருங்கள் என்று வழியும் சொன்னேன். முதல் லாரி போன செவ்வாய்க்கிழமை வந்தது. மில்ட்டன் ஆம்புலன்ஸை எடுத்துக்கொண்டு வந்து நின்றான், யாருக்கு என்ன என்று கேட்டால், "ரெண்டு ஊர்க்காரங்களும் ஒரே இடத்துல நிக்கறாங்க, பக்கத்துல இருக்கறது நல்லதுக்கா" என்றான்.

இது எத்தனை வருஷம் ஓடும் என்று கேட்காதே, எனக்குத் தெரியாது, அந்த ஆலோசகருக்கும் தெரியாது, அவர் தெரிந்த மாதிரிக் கோடு போட்டார், நான் தெரியாது என்று ஒப்புக்கொண்டு லாரியை நிறுத்தியிருக்கிறேன், வித்தியாசம் அவ்வளவுதான். தோற்றால் தோற்றதாக எழுதுகிறேன். ஆனால் கௌரவமாகப் போகமாட்டோம், அது மட்டும் நிச்சயம், போவதானால் கத்திக்கொண்டே போவோம். மாடி அறையை வாடகைக்கு விடு, நல்ல பெண்ணாகப் பார்த்து விடு, ஆறு தெரிகிற ஜன்னல் என்றால் கூடக் கேட்கலாம். நீ செய்தது எல்லாம் என் மேல் உள்ள அக்கறை என்று எனக்குத் தெரியும் கண்ணு, அதை நான் கணக்கில் வைத்திருக்கிறேன், திருப்பித் தரமாட்டேன். தியோவுக்கு இருமல் நின்றதா? ராத்திரி லேட்டாகச் சாப்பிடுவதை இரண்டு பேரும் விடுங்கள். சர்ச் கூரை இன்னும் ஒழுகுகிறது, இந்த வருஷமும் வாளிதான். நன்றித் திருநாளுக்கு நான் பாஸ்டன் வரவில்லை, நீங்கள் இங்கே வாருங்கள், செவ்வாய்க்கிழமையே வந்தால் இறக்குவதற்கு இரண்டு கை கூடுதலாகக் கிடைக்கும். உன் பள்ளி வாத்தியக்குழுவின் ஊதாச் சட்டை அலமாரி மேல்தட்டில் இருக்கிறது, அந்துப்பூச்சி தின்னாத பக்கமாகப் பார்த்து வைத்திருக்கிறேன்.

கடவுள் உங்கள் இருவரையும் பசியும் பயமும் அண்டாமல் வைக்கட்டும், கையில் எடுத்த வழக்கெல்லாம் உனக்கு நியாயமாக முடியட்டும், எதிரில் நிற்பது ஒரு கடைக்காரியாக இருந்தால் மட்டும் தோற்றுப்போ.

உன் அம்மா,
ஆக்னெஸ் வோண்ட்ரா
வோண்ட்ரா மளிகை, டோப்ரா

பி.கு. நீ வக்கீல், கையெழுத்துப் போடுமுன் என்னிடம் ஏன் காட்டவில்லை என்று குதிப்பாய், அதனால் மாரிசோல் சொன்ன நிபந்தனைகளை அப்படியே எழுதுகிறேன். சரக்குச் செவ்வாய்தோறும் அவள் பெயரில் இறங்கும். மேடைக்கும் குளிர் அறைக்கும் வாடகை கிடையாது. பதிலுக்கு இரண்டு கடையிலும் அவள் டோர்ட்டியா கண்மட்டத்தில் இருக்கவேண்டும், அடித்தட்டில் குனிந்து எடுக்கிற இடத்தில் வைத்தால் ஒப்பந்தம் செல்லாது. டெட்மரும் நானும் ஆள் அனுப்பாமல் நேரில் வந்து இறக்கவேண்டும், வராதவர் கடைப் பால் அவர் வரும்வரை குளிர் அறையிலேயே இருக்கும். பள்ளிக்கூட ரோட்டில் பனியை முதலில் அள்ளவேண்டும் என்று கவுண்ட்டியில் போய் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து, ஒரே வண்டியில் போய்க் கேட்கவேண்டும். ஊதாக் கூரைக்கு வேறு வர்ணம் அடிக்கக்கூடாது, அவளுக்கு அந்த நிறம் பிடித்திருக்கிறது. முன்பணம்: டோப்ராவிலும் ஹோல்ட்ஸ்பெர்க்கிலும் தேங்கியிருக்கிற பூசணி டப்பா முழுவதும், அவரவர் செலவில் கொண்டுவந்து இறக்கித் தரவேண்டும்.